டைம்லைனில் நின்ற பதினொரு நொடி

பேய் பார்த்தேன், பிசாசு பிடித்தது என்று ஆரம்பிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்கள் ஆரம்பாக்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. காலை ரயிலில் ஏறி உட்கார்ந்தால் போதும், கும்மிடிப்பூண்டி வருவதற்குள் ஒருத்தி தன் நாத்தனார் மேல் எது ஏறியது, எப்படி இறங்கியது என்று முழுக் கதையும் சொல்லி முடித்துவிடுவாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதனால் நீங்கள் இதை நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது சத்தியம். அதுவும் இருட்டில் நடக்கவில்லை, பட்டப்பகலில், கீழே செருப்புக்கடையில் ஆட்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

என் பெயர் சுமதி. கல்யாண வீடியோக்களுக்கு மிக்ஸிங் செய்கிறேன். கேமராமேன்கள் எடுத்து வந்து கொடுப்பதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுக்கும் வேலை. கும்மிடிப்பூண்டி பஜாரில் அந்தச் செருப்புக்கடைக்கு மேலே ஒரு அறை, பதினான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். படிக்கட்டு முழுக்க எவனெவனோ துப்பிய பாக்கு எச்சில். ஜன்னலைத் திறந்தால் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலிருந்து வரும் கந்தக நாற்றம், மூடினால் கீழேயிருந்து வரும் ரப்பர் நாற்றம். இரண்டில் எது பரவாயில்லை என்று பார்த்துத்தான் தினமும் உட்காருவேன்.

இந்தத் தொழிலில் இருந்தால் மனிதர்கள் மேல் மரியாதை போய்விடும். மாமியார் முகத்தில் இருக்கும் மருவை எடு, சித்தப்பா குடித்துவிட்டு ஆடியதை எடு, சண்டை போட்டுக்கொண்டு போன அண்ணனைக் குடும்ப போட்டோவிலிருந்து எடு. எல்லாம் எடுத்திருக்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு மாப்பிள்ளையையே எடுக்கச் சொல்லி வந்தவர்கள் உண்டு, அதையும் செய்தேன், கடைசியில் அந்தப் பெண் தனியாக மாலை போட்டுக்கொண்டு நின்றாள். சுமதிக்கா எடுத்தால் எடுத்த இடம் தெரியாது என்று கேமராமேன்கள் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

குமரேசன் கல்யாணம் எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர், சின்ன வயதிலேயே அப்பா இல்லை. அம்மா கன்னியம்மா முன்பு நாற்று நடப் போனவர், இப்போது வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். பெண் வீடு கடம்பத்தூர் பக்கம், கொஞ்சம் நிலம் நீச்சு உள்ளவர்கள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, எனக்கு வந்தது மூன்று கேமராவில் எடுத்த படங்களும் யார் யாரோ போனில் எடுத்ததும் கொண்ட ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டும்தான்.

தாலி கட்டும் இடம். எல்லாரும் கையில் அட்சதையோடு முண்டியடிக்கிறார்கள். பின்னால் ஒரு தூண், தூணை ஒட்டி கன்னியம்மா. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது அவர் மூன்றே அடி முன்னால் வருகிறார், இரண்டு கையாலும் அரிசியைத் தூக்கிப் போடுகிறார், அதே வேகத்தில் தூணுக்குப் போய்விடுகிறார். மொத்தம் பதினொரு நொடி. அந்த நொடிகளில் அவர் முகம் அப்படி இருந்தது. நல்ல ஷாட் என்று நான் முதல் கட்டிலேயே, அதாவது வீட்டாருக்குக் காட்டும் முதல் தொகுப்பிலேயே, வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த மூன்று மணி நேர வீடியோவில் பெற்ற தாயின் முகம் தெரிகிற இடம் அது ஒன்றுதான். மேடையில் இல்லை, ஆரத்தியில் இல்லை, பந்தியில் இல்லை. புருஷன் இல்லாதவள் என்று எங்கே உட்கார வைத்தார்களோ.

முதல் கட்டைப் பார்த்துவிட்டு குமரேசன் வந்தான். கூடவே பெண்ணின் தாய்மாமன்.

"அக்கா, தாலி கட்ற எடத்துல எங்கம்மா வர்து பாரு, அத்த மட்டும் எடுத்துடுக்கா" என்றான் குமரேசன்.

"ஏன்?"

அவன் தரையைப் பார்த்தான். தாய்மாமன்தான் பேசினார். "பொண்ணுக்கு இருவதாம் நாளே மஞ்ச காமாலம்மா. ஆஸ்பத்திரியில பட்த்துனு கீது. தாலி ஏர்ற நேரத்துல அந்தம்மா கை அரிசி மேல உழுந்தா வேற இன்னா ஆவும்? நடந்தது நடந்துபோச்சி, வீடியோவுலயாவது இல்லாம இருக்கட்டும். பொண்ணு கண்ணுல அது படக்கூடாது."

மண்டபத்தில் குடிக்க வைத்திருந்த டிரம்மை நான் அதே வீடியோவில் பார்த்திருந்தேன். உள்ளே பச்சையாகப் பாசி, மேலே மிதக்கும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அதில் கையை முழங்கை வரை விட்டு அள்ளுகிறார்கள். காமாலை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. சரி, மறைக்காமல் சொல்கிறேன், அவ்வளவு தெரிந்த பிறகும் நான் எடுத்துத் தருகிறேன் என்றுதான் சொன்னேன். எனக்கு அது வேலை.

எடுப்பது பெரிய விஷயமில்லை. கன்னியம்மா வருவதற்கு முன்னால் தூண் காலியாகத் தெரியும் இடத்தை நகல் எடுத்து, அவர் மேல் போர்த்திவிட வேண்டும். அவர் நடந்தால் போர்வையும் நடக்கும். காலையில் ஆரம்பித்தேன், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. கன்னியம்மா இல்லை.

அப்போதுதான் டைம்லைன் நிற்க ஆரம்பித்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், வெட்டிய துண்டுகளையெல்லாம் வரிசையாக அடுக்கி வைக்கும் பட்டைதான் டைம்லைன். அதன் மேல் ஒரு கோடு ஓடும், கோடு போகும் இடம் திரையில் தெரியும். என் கோடு மூன்று மணி நேரமும் நன்றாக ஓடியது, அந்தப் பதினொரு நொடிக்கு வந்ததும் வெறும் தூணைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. கணினி ஃபேன் மட்டும் ஹோவென்று கத்தியது.

இது எங்கள் தொழிலில் தினசரி பேஜாரு, இதில் பயப்பட ஒன்றுமில்லை. கணினி இழுக்க முடியாமல் திணறினால் செய்ய வேண்டியவை எனக்கு மனப்பாடம். பிரிவியூ தரத்தைக் கால்வாசிக்குக் குறைத்தேன். கணினி தற்காலிகமாகச் சேர்த்து வைத்திருந்த பழைய கேஷ் கோப்புகளை அழித்தேன். போனில் எடுத்த படங்கள்தான் எப்போதும் கழுத்தறுக்கும் என்று அவற்றையெல்லாம் வேறு வடிவத்துக்கு மாற்றினேன். பெரிய கோப்புகளுக்குப் பதிலாகச் சின்ன நகல்கள், பிராக்ஸி என்போம், அதைச் செய்து வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வேகமான எஸ்.எஸ்.டி.க்கு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். பாக்கி இடமெல்லாம் தண்ணீராக ஓடியது, அந்த இடம் மட்டும் நின்றது. போர்வையை அணைத்தால் ஓடியது, கன்னியம்மா வந்து அரிசி போட்டுவிட்டுப் போனார். போட்டால் நின்றது.

இதுவும் எனக்குப் புரிந்தது. மேலே அடுக்கு இருந்தால் பாரம், எடுத்தால் லேசு. அதனால் அந்தப் பதினொரு நொடியை மட்டும் ரெண்டர் செய்து ஒரே படமாக்கினேன். இப்போது அதில் போர்வையும் இல்லை, அடுக்கும் இல்லை, வெறும் வீடியோ. சின்னப் போன்கூட அதை ஓட்டும். ஓட்டினேன். நின்றது.

அடுத்தது நாற்றம். முதலில் செருப்புக்கடையைத்தான் திட்டினேன். ஆனால் அது ரப்பர் இல்லை, கந்தகமும் இல்லை, இரண்டு நாள் பாத்திரத்தில் மறந்துபோன கழுநீரின் புளித்த நாற்றம். கணினியின் கேபினட் பக்கம் குனிந்தால் மூக்கில் அறைந்தது. சரி, தூசி அடைத்துச் சூடாகித்தான் வேகம் குறைகிறது என்று நினைத்து, திருப்புளியை எடுத்துப் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

அட்சதை. மஞ்சள் பூசிய அரிசி, ஈரத்தில் ஊதிப்போய், ஃபேன் இறக்கைகளில் அப்பிக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடிக்குக் குறையாது. நடுவில் வெள்ளையாகப் புழு நெளிந்தது. நான் மூலையில் இருந்த வாளியில் வாந்தி எடுத்தேன், வெட்கப்பட என்ன இருக்கிறது.

எலிதான் என்று முடிவு செய்தேன். கேமராமேன் பையில் அட்சதை வந்திருக்கும், எலி இழுத்துக்கொண்டுபோய் வைத்திருக்கும், ஏதோ ஈரத்தில் ஊறியிருக்கும். டெட்டால் போட்டுத் துடைத்தேன், கேபினட் ஓட்டைகளுக்கெல்லாம் கொசுவலை வைத்து டேப் ஒட்டினேன். மறுநாள் காலை அந்த இடத்தை ஓட்டினேன், நின்றது, நாற்றம் வந்தது. டேப் அப்படியே இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே மறுபடி ஒரு கைப்பிடி. இந்தத் தடவை புழு இல்லை, ஆனால் தொட்டால் பிசுபிசுத்தது. மஞ்சள் என் நகக்கண்ணில் ஏறி, அன்று மதியம் கட்டுச்சோற்றைக் கையில் எடுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரே ஒரு கோப்பைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வேப்பம்பட்டில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, அந்த வெயிலில், ஒரு பதினொரு நொடி வீடியோவுக்காக. தங்கை புருஷன் வீட்டிலேயே லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவர். அவருடைய லேப்டாப்பில் போட்டோம். தூண் வந்தது, நின்றது. ஃபேன் கத்தியது. தங்கை சமையலறையிலிருந்தே கேட்டாள்.

"இன்னாக்கா நாறுது? எதுனா ஊசிப்போனத பையில எத்துனு வந்தியா?"

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூவைக் கழற்றினார். ஒரு பத்து பதினைந்து பருக்கை இருக்கும், மஞ்சளாக, ஃபேனுக்குள். அந்த மெல்லிய லேப்டாப்புக்குள் எந்த எலி போகும்?

"அய்ய, சீ! அது மேல சோறு துன்னுகினே வேல செய்வீங்களா ரெண்டு பேரும்?" என்று தங்கை எங்களைத் திட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். முன்தினம்தான் அதைத் திறந்து சுத்தம் செய்தாராம். பென் டிரைவை வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை குமரேசன் போன் செய்தான். வீடியோ என்ன ஆச்சு என்றான். உங்கம்மா வருகிற இடத்தில் ஓடாமல் நிற்கிறது என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அதை அவன் வீட்டில் போய் எப்படிச் சொன்னானோ தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், முதல் ஷிப்ட் விட்ட நேரம், கன்னியம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். நீலநிறக் கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அதுவரை நான் அவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் நூறு தடவை ஓட்டிப் பார்த்த முகம், உடனே தெரிந்தது. உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.

"என்னாலதான் வீடியோ ஓடாம நிக்குதுன்னு புள்ள சொல்ச்சி" என்றார். "எடுத்துடு கண்ணு. பொண்ணு பாவம், ஒடம்பு தேறி வரட்டும். நானு இல்லன்னா இன்னா இப்போ?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. தாய்மாமன் கேட்டபோதுகூட அப்படி வரவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து இந்த அம்மாள் வாயாலேயே அதைச் சொல்ல வைத்துவிட்டார்களே என்று அருவருப்பாக இருந்தது. அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். போர்வை போடாத அசல் துண்டை ஓட்டினேன். கோடு வழுக்கிக்கொண்டு போனது. தூணிலிருந்து கன்னியம்மா வந்தார், அரிசியைத் தூக்கிப் போட்டார், போனார்.

"பாருங்கம்மா. இதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே."

அவர் திரையை முறைத்துப் பார்த்தார். "இது யாரு?"

"இன்னாம்மா, நீங்கதான்."

"நானு எங்க போட்டேன்?" என்றார். "தூணாண்டயேதான் நின்னுகினு இருந்தேன். ஒரு பொண்ணு வந்து அரிசி குட்த்துச்சி, வாங்கிக்கினேன். போடலாமா வேணாமான்னு கையிலயே வெச்சிகினு இருந்தேன், அதுக்குள்ள கட்டி முட்சிட்டாங்க. காலு நவுரவே இல்ல கண்ணு எனக்கு."

"அப்புறம் அந்த அரிசி?"

"கீழ கொட்டக்கூடாதில்ல. முந்தானியில முடிஞ்சி ஊட்டுக்கு எத்துனு போனேன். கழுவிப் பொங்கித் துன்னுட்டேன்."

திரையில் இருப்பவரையும் எதிரில் இருப்பவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே முகம், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த அதே நடை. மூன்று கேமராவில் இரண்டில் விழுந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, பொய் சொல்பவர்கள் முகம் எனக்குத் தெரியும், பதினான்கு வருடமாக முகங்களைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அவர் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"நல்லாத்தான் போட்றா, இல்ல?" என்றார். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

பிறகு எழுந்து கம்பெனி கோட்டைச் சரிசெய்துகொண்டு, "ஆனாலும் எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் எடுக்கவில்லை. அன்றே குமரேசனைக் கூப்பிட்டேன். "உங்கம்மா இருக்கிற மாதிரின்னா தர்றேன், வேணாம்னா ஹார்ட் டிஸ்க்க வந்து எத்துனு போ" என்றேன். "கடைசி நேரத்துல பேஜார் பண்ணாதக்கா, மாமா ஊட்ல இன்னா சொல்லுவாங்க" என்றான். மாமா வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதைத் தவிர அவன் தலையில் வேறு ஒன்றும் இல்லை. மறுநாள் வந்து வாங்கிக்கொண்டு போனான், என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கணினியில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கேபினட்டை மறுபடி துடைத்தேன். அதற்குப் பிறகு ஒரு பருக்கைகூட வரவில்லை. அடுத்த கல்யாணம், அதற்கடுத்த கல்யாணம், டைம்லைன் ஒரு இடத்திலும் நின்றதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவரேதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்ணுக்கு உடம்பு தேறிவிட்டதாம், வீட்டுக்கு வந்துவிட்டாளாம். திருவள்ளூரில் ஒரு கடையில் ஒரே நாளில் வீடியோவை முடித்துக் கொடுத்துவிட்டார்களாம்.

"பாரு, இப்போ நிக்காம ஓடுது" என்று போனை எடுத்துக் காட்டினார். சந்தோஷமாகத்தான் காட்டினார்.

வீடியோவைத் தாலி கட்டும் இடத்துக்குத் தள்ளிவிட்டுக் காட்டினார். தூண் வந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. கன்னியம்மா இல்லை. வேலை சுமாராகத்தான் இருந்தது, தூணின் ஓரம் லேசாக ஆடியது, ஆனால் ஆள் இல்லை. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. யாரும் இல்லாத அந்த இடத்திலிருந்து, ஒரு ஆள் நெஞ்சு உயரத்திலிருந்து, ஒரு கைப்பிடி மஞ்சள் அரிசி மேலே எழும்பி, விரிந்து, போய்ப் பெண்ணின் தலையில் விழுந்தது.

"ம்மா, அந்த அரிசி..." என்று வாயைத் திறந்தேன்.

அவர் போனைச் சடக்கென்று இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாத கண்ணு. அவங்க யாரும் பாக்கல. சொன்னா அதையும் எடுத்துடுவாங்க."

வண்டி வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறி, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். நான் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். திருவள்ளூர்க்காரன் அவசரத்தில் ஆளை மட்டும் மறைத்துவிட்டு அரிசியை விட்டிருப்பான், அவ்வளவுதானே? நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும். பொங்கித் தின்றுவிட்ட அரிசி எப்படி விழுந்தது என்பதைக்கூட விடுங்கள்.

என்னால் இன்றுவரை விட முடியாதது வேறு. அன்று அந்த வேலை என் கையில் இருந்தபோது, கன்னியம்மாவை மறைத்ததோடு நான் நிறுத்தவில்லை. எடுத்த இடம் தெரியக்கூடாது என்ற திமிரில், காற்றில் இருந்த அரிசியையும் விடாமல், ஒவ்வொரு பருக்கையாக நான் எடுத்திருந்தேன். போக இடமில்லாமல்தான் அது என் ஃபேனுக்குள் வந்து விழுந்ததோ.